அம்மாவின் இடுப்பிலிருந்து ஊரின் பொறுப்புக்கு

திங்கட்கிழமை காலையில் திருவண்ணாமலை வேலூர் சாலையில், வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும் கூட்டத்தைக் கவனித்தால் ஒன்று கண்ணில் படும். அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும், ஜமுனாமரத்தூர் மலைக் கிராமங்களிலிருந்து பேருந்து மாறி மாறியும் வருகிறவர்களுக்கு நடுவே, எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும் தாய்மார்கள் இருப்பார்கள். தோளில் ஒரு பை. அதற்குள் மருத்துவச் சான்று, ஆதார் நகல், பழைய மனுவின் ரசீது. அடையாள அட்டைக்காகவோ பராமரிப்பு உதவித்தொகைக்காகவோ சக்கர நாற்காலிக்காகவோ வந்திருப்பார்கள்.

அந்தத் தாய் திங்கட்கிழமை மட்டும் சுமப்பதில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவர் என்றால் தினமும் அவரேதான் தூக்கிக்கொண்டு போகிறார். பள்ளி விடும்வரை வராந்தாவிலோ மரத்தடியிலோ காத்திருக்கிறார். பிள்ளைக்குக் கழிப்பறை போக வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அதனால் கூலி வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போக முடிவதில்லை. இரண்டாவது குழந்தை பிறந்தாலோ, முதுகு வலி வந்தாலோ, பிள்ளை வளர்ந்து தூக்க முடியாத எடைக்கு வந்தாலோ படிப்பு நின்றுபோகிறது. பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்கும்.

சிறப்புக் கல்வியின் நூற்றுமுப்பது ஆண்டுக் கதையை இந்தத் தாயின் பக்கத்தில் நின்று படித்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன, கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆனால் வீட்டு வாசலிலிருந்து வகுப்பறை பெஞ்சுவரை பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பாரம், தொடங்கிய இடத்திலேயே, அந்த ஒரு பெண்ணின் மேலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கதை பாளையங்கோட்டையில் தொடங்குகிறது. அங்கே 1890-ல் ஆஸ்க்வித் என்ற மிஷனரிப் பெண்மணி பார்வையற்றவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். அந்தப் பத்தாண்டுக்குள்ளாகவே அதே ஊரில் புளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாத பெண் குழந்தைகளைச் சேர்த்துக் கற்பித்தார். அவர் பெயரில் அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. சென்னையில் லிட்டில் பிளவர் கான்வென்ட் 1926-ல் வந்தது. பூந்தமல்லியில் அரசின் பார்வையற்றோர் பள்ளி 1931-ல் தொடங்கியது. அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான முதல் முயற்சிகளில் ஒன்றாக 1953-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் முன்னின்று பால விகாரைத் தொடங்கினார்.

இந்தப் பள்ளிகளை இன்று சிலர் குறைசொல்கிறார்கள். குழந்தையை ஊரிலிருந்து பிரித்து விடுதியில் அடைத்தார்கள் என்கிறார்கள். அந்தக் காலத்தை மறந்துவிட்டுப் பேசும் பேச்சு அது. கண் தெரியாத பிள்ளையை முன்வினை என்று திண்ணையோரம் உட்காரவைத்திருந்த ஒரு சமூகத்துக்கு, அந்தப் பிள்ளை விரலால் படிக்கும், கணக்குப் போடும், தொழில் கற்றுச் சம்பாதிக்கும் என்று கண்ணெதிரே காட்டியவர்கள் அவர்கள்தாம். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-ல் உருவானது. அதற்கு முன்பே புள்ளி எழுத்தில் தமிழ் படித்த தலைமுறை ஒன்று இந்தப் பள்ளிகளில் வளர்ந்திருந்தது. ஆனாலும் அவை எண்ணிக்கையில் மிகக் குறைவு, பெரும்பாலும் பெரிய ஊர்களில் இருந்தவை. ஜவ்வாது மலையில் பிறந்த ஒரு காது கேளாத குழந்தைக்குப் பாளையங்கோட்டை எட்டாத தூரம். எட்டியவர்களுக்கும் ஒரு விலை இருந்தது. ஐந்து வயதில் அம்மாவை விட்டுப் போக வேண்டும். விடுமுறைக்கு வந்தால் தெருப் பிள்ளைகளுக்கு அவன் யாரென்று தெரியாது.

பக்கத்துப் பள்ளியிலேயே படிக்கவைத்தால் என்ன என்ற கேள்வி அரசு அறிக்கைகளில் நெடுங்காலமாக இருந்தது. 1944-ன் சார்ஜென்ட் அறிக்கை, இக்குழந்தைகளின் கல்வி தேசியக் கல்வி முறையின் ஓர் அங்கம் என்றது. 1964-66-ன் கோத்தாரி குழு, இயன்றவரை பொதுப் பள்ளியிலேயே சேர்க்கலாம் என்றது. 1974-ல்தான் அதற்கென்று மத்திய அரசின் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வந்தது. கோவை பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் எம்.என்.ஜி. மணி போன்றவர்கள், பார்வையற்ற பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளியில் உட்காரவைத்து, அவர்களுக்குத் துணையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களை உருவாக்கிக் காட்டினார்கள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கிராமத்தில், அந்தக் கிராம மக்களைக் கொண்டே இந்த வேலையைச் செய்யலாம் என்பதற்கு அது சான்றாக நின்றது.

உலகமும் அதே திசையில்தான் நகர்ந்துகொண்டிருந்தது. இத்தாலியின் உதாரணம் நமக்கு மிகவும் வேண்டியது. அந்த நாடு 1977-ல் ஒரு சட்டத்தின் மூலம் தனி வகுப்புகளை மூடிவிட்டு எல்லாக் குழந்தைகளையும் பொது வகுப்புக்குக் கொண்டுவந்தது. அப்படிக் கொண்டுவரும்போது, வகுப்பில் 20 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்றது. ஒரு துணை ஆசிரியரையும் தந்தது. அவர் அந்தக் குழந்தைக்கு மட்டும் ஆசிரியர் கிடையாது, முழு வகுப்புக்கும் ஆசிரியர். கதவைத் திறப்பதோடு நின்றுவிடாமல் உள்ளே இருக்கும் ஏற்பாட்டையும் மாற்றினார்கள். 1994-ல் ஸ்பெயினின் சலமன்காவில் உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட பிரகடனமும் இதையேதான் கேட்டது: குழந்தை பள்ளிக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காதீர்கள், பள்ளியைக் குழந்தைக்குப் பொருத்துங்கள்.

நம் சட்டப் புத்தகம் இந்த விஷயத்தில் பின்தங்கியதாக இல்லை. 1995-ல் மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் சட்டம். 2009-ல் கல்வி உரிமைச் சட்டம். அதன் 2012 திருத்தம் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளை நலிவுற்ற பிரிவினரில் சேர்த்தது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்றது. மற்றக் குழந்தைகளுக்குக் கட்டாயக் கல்வி உரிமை 14 வயதோடு முடிகிறது. இவர்களுக்கு 18 வரை நீள்கிறது. இந்த நான்கு ஆண்டு கூடுதல் உரிமை எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? எட்டாம் வகுப்பு முடிந்ததும் "இதுக்கு மேல என்னத்தப் படிக்கப் போறா" என்று வீட்டோடு நிறுத்தப்படும் பெண் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

2019-ல் யுனெஸ்கோ இந்தியாவைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, 5 முதல் 19 வயது வரையுள்ள மாற்றுத்திறனாளிக் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் எந்தக் கல்வி நிலையத்துக்கும் போகவில்லை என்றது. ஐந்து வயதுக் குழந்தைகளை மட்டும் எடுத்தால் நான்கில் மூவர் வெளியே இருந்தார்கள். நம் பகுதியில் நிலைமை இதைவிட நன்றாக இருக்கலாம். ஆனால் ஐந்து வயது என்ற அந்த இடத்தில்தான் பார்வை நிற்க வேண்டும். பிள்ளை தொலைவது அங்கேதான். கொஞ்சம் தேறட்டும், பேச்சு வரட்டும், தானாக நடக்கட்டும், பிறகு சேர்க்கலாம் என்று வீட்டில் காத்திருக்கிறார்கள். பேச்சும் நடையும் மற்றப் பிள்ளைகளோடு இருந்தால்தான் விரைவாக வரும் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பள்ளிச் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு வர வேண்டும். குறைபாடு கண்டறியப்பட்ட குழந்தையை அரசு மருத்துவமனையில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய சீட்டை வாங்கிக்கொண்டு போனார்களா, அங்கே தொடர்ந்து பயிற்சி நடந்ததா என்று பார்க்கத்தான் ஆள் இல்லை.

இன்னொரு மாற்றத்தையும் ஊர் கவனிக்க வேண்டும். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்கு முன் மாற்றுத்திறனாளி மாணவர் என்றால் காலிப்பர் போட்ட போலியோ பிள்ளைதான் நினைவுக்கு வரும். சாய்தளம் கட்டிவிட்டால் அந்தப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியது முடிந்தது என்று நினைத்தோம். இந்தியாவில் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது. 2014-ல் நாடு போலியோ இல்லாததாக அறிவிக்கப்பட்டது. இன்று வகுப்பில் இருப்பது மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை, ஆட்டிசம் உள்ள குழந்தை, எழுத்துகள் இடம் மாறித் தெரிகிற கற்றல் குறைபாடுள்ள குழந்தை. இவர்களுக்குச் சாய்தளம் மட்டும் போதாது. மணி அடிக்கும் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு அலறும் ஒரு சிறுவனை "அடங்காதவன்" என்று ஒதுக்குவது எளிது. அவனுக்குச் சத்தம் வலிக்கிறது என்று தெரிந்த ஆசிரியர் மணிக்கு முன்பே அவனிடம் போய்ச் சொல்லிவிடுவார், கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் கொண்டுவருவார், பலகையில் எழுதுவதைப் படமாகவும் காட்டுவார். செலவு ஒரு ரூபாய் கிடையாது. தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதைத் தெரியவைக்க வேண்டியவர்கள் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள். இவர்களைப் பற்றி ஊரில் பேச்சே இல்லை. ஒருவர் பல பள்ளிகளைச் சுற்ற வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார்படுத்தும் ஆயத்த மையத்தில் பயிற்சி கொடுக்க வேண்டும். பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் வீடுகளுக்குப் போக வேண்டும். உதவி உபகரண முகாமுக்குப் பெயர்ப் பட்டியல் எடுக்க வேண்டும், தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். இவ்வளவையும் தொகுப்பூதியத்தில், நாளை வேலை இருக்குமா என்ற கவலையோடு செய்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில், எத்தனை குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தை உடனே அறிவிக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. தொடக்க நிலையில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், உயர் தொடக்க நிலையில் 15 குழந்தைகளுக்கு ஒருவர் என்று 2022-ல் மத்திய அரசு அறிவித்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இந்தப் பணியிடங்களை முறையாக அறிவித்து நிரப்புமாறு மாநிலங்களுக்கு மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. நிரந்தரப் பணியும் முறையான ஊதியமும் கேட்டு இவர்கள் போராடும்போது, அதை அவர்களுடைய சம்பளப் பிரச்சினை என்று பெற்றோர்கள் ஒதுங்கி நிற்கக் கூடாது. பேசாத ஒரு குழந்தையின் மொழியை ஓர் ஆசிரியர் புரிந்துகொள்ள மாதக் கணக்கில் ஆகும். அவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால், குழந்தை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது.

வீட்டுவழிக் கல்வி பற்றியும் ஒரு வார்த்தை. கடுமையான, பலவகைக் குறைபாடுள்ள குழந்தைகள் விரும்பினால் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று 2012 திருத்தம் இடம் கொடுத்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் சாய்தளம் இல்லை, ஏற்ற கழிப்பறை இல்லை, அழைத்துவர ஆள் இல்லை என்பதற்காக ஒரு குழந்தையை "வீட்டுவழி" என்று பட்டியலில் எழுதினால், அது அந்தக் குழந்தையின் விருப்பம் ஆகாது. வாரத்தில் சிறிது நேரம் பயிற்றுநர் வந்துபோவதும், நாள் முழுக்கச் சிரிப்பும் சண்டையுமாக நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே இருப்பதும் ஒன்றாகிவிடுமா? பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும், எந்தத் தடை நீங்கினால் இந்தப் பிள்ளை பள்ளிக்கு வரும் என்று கேட்டு எழுத வேண்டும். சிலருக்கு மருத்துவக் காரணம் உண்மையாகவே இருக்கும். மற்றவர்களுக்கு ஓர் ஆட்டோ போதும்.

தமிழ்நாட்டுக்கு இப்படி யோசிக்கும் பழக்கம் புதிதில்லை. பசி பிள்ளையைப் பள்ளியிலிருந்து தடுத்தது, மதிய உணவு போட்டோம். தூரம் தடுத்தது, இலவசப் பேருந்துப் பயண அட்டையும் மிதிவண்டியும் கொடுத்தோம். காலைப் பசி பாடத்தைத் தடுத்தது, 2022 முதல் காலை உணவும் வந்தது. எந்த இடத்திலும் பசி அந்தக் குடும்பத்தின் சொந்தப் பிரச்சினை என்று சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிவர ஆளில்லை என்பதை மட்டும் ஏன் அந்தக் குடும்பத்தின் சொந்தப் பிரச்சினையாக விட்டுவிட்டோம்? பயணப்படியும் துணையாளர் படியும் அரசின் கல்வித் திட்டத்தில் இருக்கின்றன. ஆனால் படி என்பது காசு. அது வங்கிக் கணக்குக்கு வருவதற்கும், காலை எட்டரை மணிக்கு வாசலில் ஒருவர் வந்து நிற்பதற்கும் இடையில் உள்ள இடைவெளியை அரசாணையால் மட்டும் நிரப்ப முடியாது. அங்கேதான் ஊர் வர வேண்டும்.

திருவண்ணாமலைக்கு அதற்கான திறமை இருக்கிறது, ஆண்டுதோறும் நிரூபிக்கிறது. கார்த்திகைத் தீபத்துக்கு லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். பல வாரங்களுக்கு முன்பே வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் எல்லாத் துறைகளும் உட்கார்ந்து, எந்தச் சாலையில் தற்காலிகப் பேருந்து நிலையம், எங்கே குடிநீர், எங்கே கழிப்பறை, எங்கே மருத்துவ முகாம் என்று பிரித்துக்கொள்கின்றன. காவல் துறைக்குத் தன் வேலை தெரியும், துப்புரவுப் பணியாளருக்குத் தன் இடம் தெரியும், அன்னதானம் செய்கிறவருக்கு எங்கே அனுமதி என்று தெரியும். யாரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவதில்லை. வந்துபோகும் இத்தனை லட்சம் பேருக்கு வழி செய்யத் தெரிந்த ஊர், தன் தெருவிலேயே பிறந்து வளரும் சில குழந்தைகளுக்கு வழி செய்ய முடியாது என்றால் நம்பும்படி இல்லை.

இந்த ஊரின் ஈகையும் சின்னதில்லை. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கிறவர்கள், வழியோரம் அமர்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குக் காசு போடாமல் போவதில்லை. போடுகிற கை நல்ல கைதான். ஆனால் அங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு காலத்தில் ஐந்து வயது இருந்தது. அந்த வயதில் ஒரு பள்ளிக்கூடம் அவர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தால், சேர்த்துக்கொண்டு பத்தாம் வகுப்புவரை விடாமல் வைத்திருந்தால், இன்று எங்கே இருந்திருப்பார்கள்? அரசு வேலையில் 4 விழுக்காடும் உயர்கல்வியில் 5 விழுக்காடும் அவர்களுக்கு ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டின் வாசல்வரை வந்துசேரச் சான்றிதழ் வேண்டும். தர்மத்தில் ஒரு பங்கை இந்தத் திசைக்குத் திருப்பலாம். ஒரு குழந்தையின் ஓராண்டு ஆட்டோ வாடகையை ஏற்றுக்கொள்வது அன்னதானத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அப்படிக் கொடுக்கும்போது மேடையும் போட்டோவும் வேண்டாம். உரிமையாகப் பெற வேண்டியதைப் பிச்சையாகப் பெற்றதாக அந்தப் பிள்ளை நினைத்துவிடக் கூடாது.

மற்றப் பிள்ளைகளின் பெற்றோரிடமும் வெளிப்படையாகப் பேச வேண்டும். "இந்தப் பையன் இருந்தா எங்க பிள்ளைங்க படிப்பு கெட்டுப்போகும்" என்ற முணுமுணுப்பு பள்ளி வாசல்களில் கேட்கிறது. கவலையை அதட்டி அடக்கிவிட முடியாது. நாற்பது பேர் வகுப்பில் ஒரே ஆசிரியர் என்றால் அந்தக் கவலையில் நியாயமும் உண்டு. அதற்கு விடை அந்தச் சிறுவனை வெளியே அனுப்புவதில் இல்லை, இன்னொரு ஆசிரியரைக் கேட்டுப் பெறுவதில் இருக்கிறது. மெதுவாகச் சொல்லி, படம் காட்டி, திரும்பச் சொல்லி நடத்தும் பாடம் அவன் ஒருவனுக்காகத் தொடங்கினாலும், கணக்கென்றால் பயந்து ஒதுங்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் அதே வழியில்தான் புரிகிறது.

சிறப்புப் பள்ளியா, பொதுப் பள்ளியா என்று கட்சி பிரிந்து பேசுவதையும் நிறுத்திக்கொள்ளலாம். சைகை மொழியில் முழுமையாகப் பேசிப் பழகும் சூழல் ஒரு காது கேளாத குழந்தைக்குச் சிறப்புப் பள்ளியில் கிடைக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் சிநேகம் பொதுப் பள்ளியில் கிடைக்கும். தேர்வு செய்யும் உரிமையைச் சட்டம் பெற்றோரிடம் கொடுத்திருக்கிறது. சிறப்புப் பள்ளிகளின் அனுபவம் நான்கு சுவருக்குள் நின்றுவிடாமல், அவற்றின் ஆசிரியர்கள் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர ஏற்பாடு செய்தால் இரண்டு பக்கமும் வலுப்பெறும்.

அதிகாரத்தில் பங்கும் இப்போது வருகிறது. 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தங்கள், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வழிசெய்தன. கிராம ஊராட்சிகளில் மட்டும் 12,913 பேர். பள்ளி மேலாண்மைக் குழுவில் நலிவுற்ற பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு உரிய பிரதிநிதித்துவம் வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்திலேயே உள்ளது. இந்த இருவரும், உள்ளாட்சி உறுப்பினரும் குழுவில் உள்ள தாயும், ஒரே மேசையில் உட்கார்ந்தால் பேச்சின் போக்கே மாறும். சாய்தளத்தின் சரிவு செங்குத்தாக இருக்கிறது, கழிப்பறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையாது என்பதெல்லாம் அதில் ஏறியவருக்கும் தள்ளியவருக்கும்தான் தெரியும்.

ஜூனில் பள்ளி திறக்கிறது. வேங்கிக்காலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இந்த ஆண்டு ஐந்து வயது நிரம்பும் குழந்தைகளின் பெயர்கள் அங்கன்வாடிப் பதிவேடுகளில் இருக்கின்றன. மே மாதத்திலேயே ஒருநாள், அங்கன்வாடிப் பணியாளர், தலைமையாசிரியர், சிறப்புப் பயிற்றுநர், மேலாண்மைக் குழுவினர், உள்ளாட்சி உறுப்பினர், அந்தத் தெருவின் ஆட்டோ ஓட்டுநர்கள் எல்லோரும் கூடி அந்தப் பெயர்களைப் படிக்கட்டும். ஒவ்வொரு மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கும் காலையில் யார் அழைத்துவருவது, எந்தத் தரைத்தள அறையில் வகுப்பு, கழிப்பறைக்குத் துணை யார், பயிற்றுநர் எந்தக் கிழமை வருவார் என்பதை எழுதி, எதிரே பொறுப்பாளரின் பெயரும் கையெழுத்தும் வாங்கட்டும். அந்தத் தாளின் ஒரு நகல் தலைமையாசிரியர் அறையில் இருக்கட்டும், இன்னொரு நகல் அந்தத் தாயின் கையில்.